பெட்ரோல் இல்ல ஆயா

என் பைக் திருட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர். மூவருமே திருடனுக்கு உதவி செய்திருக்கிறார்கள். முதல் ஆள் எங்கள் சந்தில் இட்லி விற்கும் ஆயா. விடியற்காலை நாலே முக்காலுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர், ஒருத்தன் என் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து, "ஏன் கண்ணு, ஸ்டார்ட் ஆவலியா?" என்று கேட்டிருக்கிறார். அவன் நின்று, மரியாதையாக, "பெட்ரோல் இல்ல ஆயா" என்று சொல்லியிருக்கிறான். இரண்டாவது ஆள் பால்காரர். சந்து குறுகல் என்பதால் தன் சைக்கிளை ஓரம் தள்ளி வழி விட்டிருக்கிறார். மூன்றாவது ஆள்தான் உச்சம். நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்த ஒரு புண்ணியவான், தள்ளுகிறவனைப் பார்த்துப் பாவப்பட்டு, என் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்டில் காலை வைத்து மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். சென்னையில் வண்டி நின்றுபோனால் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் காலால் தள்ளிவிட்டுப் போவார். இருபது வருடமாக நானும் தள்ளியிருக்கிறேன், தள்ளப்பட்டும் இருக்கிறேன். அந்த உதவி என் வண்டியையே தள்ளிக்கொண்டு போகும் என்று நினைத்ததில்லை.

இது 2025 பிப்ரவரியில் நடந்தது. நான் இருப்பது பெரம்பூருக்கும் புரசைவாக்கத்துக்கும் நடுவே ஒரு சந்தில். பதினோரு குடித்தனம், பதினான்கு வண்டி. வீட்டு வாசலில் நான்கு வண்டிக்குத்தான் இடம். இரவு பத்து மணிக்கு மேல் வருகிறவன் முனையில் ஈ.பி. பெட்டி பக்கத்தில்தான் விட வேண்டும். மனைவி இரண்டாவது பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள், பெரியவளையும் கூட்டிக்கொண்டு. வீட்டில் நான் மட்டும். காலை ஏழு மணிக்கு இறங்கி வந்து பார்த்தால், என் வண்டி நின்ற இடத்தில் ஒரு உள்ளங்கை அளவு ஆயில் கறை மட்டும் இருந்தது. வண்டி கொஞ்ச நாளாகவே ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதல் ஐந்து நிமிடம் மூளை வேலை செய்யாது என்பதை நம்புங்கள். வேறு எங்காவது விட்டேனா, போலீஸ் தூக்கிக்கொண்டு போனதா, மேல் வீட்டுப் பையன் அவசரத்துக்கு எடுத்தானா என்று சந்தை மூன்று தடவை சுற்றினேன். மறுநாள் காலை அந்தக் கறை மேல் வேறொருவர் வண்டி நின்றது. எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

மாமனாருக்குச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் அந்த ஸ்ப்ளெண்டரை வாங்கும்போது பாதிப் பணம் அவர் கொடுத்தது. மூன்று வாரம் போனில் "வண்டி சர்வீஸில் இருக்கு" என்றே ஓட்டினேன். அவரும் கடைசியில், "அப்படி என்ன மாப்ள சர்வீஸு, கப்பலா?" என்று கேட்டுவிட்டார். யாரிடமாவது முதல் நாளே சொல்லியிருந்தால், நான் செய்த தப்புகளில் பாதியைச் செய்திருக்க மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு, 100-க்குப் போன் போடாதது. (இப்போது 112-க்கும் போடலாம்.) போன் போட்டால் உடனே வண்டி கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் கன்ட்ரோல் ரூமில் வண்டி எண் பதிவாகும், ரோந்து வண்டிகளுக்குப் போகும். அதைவிட முக்கியம், நீங்கள் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கும். நான் சந்தைச் சுற்றி, தெருவைச் சுற்றி, டீ குடித்து, ஸ்டேஷனுக்குள் நுழையும்போது மணி பத்தரை. அங்கே இருந்த ஏட்டு நல்ல மனிதர்தான். "நல்லா யோசிச்சுப் பாருங்க சார், நேத்து எங்க விட்டீங்க?" என்றார். தினமும் இரண்டு பேராவது மெட்ரோ ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்து வண்டி காணோம் என்று எழுதிக் கொடுப்பார்களாம். எழுதிக் கொடுத்தேன். ஒரு மனு ரசீது கொடுத்தார்கள், சி.எஸ்.ஆர். என்று சொல்வார்களே, அது. நான் அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டும் ஒன்றில்லை. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். இன்சூரன்ஸ் கம்பெனியோ, நீதிமன்றமோ, ஆர்.டி.ஓ.வோ கேட்பது எஃப்.ஐ.ஆர். அதற்குப் பிறகு மூன்று முறை போய் வந்து, ஆறாம் நாள்தான் எஃப்.ஐ.ஆர். ஆனது. 2024 ஜூலை 1-க்குப் பிறகு பழைய இந்திய தண்டனைச் சட்டம் கிடையாது. திருட்டு வழக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 303(2)-இல் வரும். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பதிவு செய்யாமல் இழுத்தடித்தால் எழுத்து மூலமாக மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம், சென்னை என்றால் துணை கமிஷனருக்கு. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. "சார், எஃப்.ஐ.ஆர். நம்பர் வேணும் சார், இன்சூரன்ஸ்ல கேக்குறாங்க" என்று ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்தே விட்டேன். இரண்டு மணி நேரத்தில் கையில் வந்தது.

இன்சூரன்ஸில் கேட்கிறார்கள் என்று சொன்னேனே, அது பொய். இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டபோதே என் கதை முடிந்துவிட்டது. வண்டி வாங்கும்போது "அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் சார், கவலையே வேணாம்" என்று ஷோரூமில் சொன்னதை நம்பியிருந்தேன். ஐந்து வருடம் என்பது மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டும். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு அதை ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே வாங்க வேண்டும் என்பது விதி. நம் வண்டி சேதமானாலோ திருட்டுப் போனாலோ பணம் கொடுக்கும் பகுதி தனி. என் பாலிசியில் அது ஒரே ஒரு வருடம், 2022 ஆகஸ்டோடு காலாவதி. அதன் பிறகு நான் புதுப்பிக்கவே இல்லை. புதுப்பிக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. போனில் பேசிய பெண் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பாரோ, குரலில் ஒரு சலிப்பு கூட இல்லாமல், "உங்களுக்கு ஓன் டேமேஜ் கவர் இல்ல சார்" என்றார். மூன்று வயது தாண்டிய வண்டிக்கு விலையில் 40 சதவீதம் கழித்து மதிப்புப் போடுவார்கள். என் கணக்கில் சுமார் 42,000 ரூபாய் வந்திருக்கும். அந்தப் பகுதியைப் புதுப்பிக்க வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் ஆகியிருக்கும். மூன்று வருடத்தில் மிச்சம் பிடித்தது மூவாயிரம்! நான் வேலை செய்வது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். ஊரார் கணக்கையெல்லாம் பார்க்கிறேன். இப்போதே எழுந்து உங்கள் பாலிசியை எடுத்து, 'ஓன் டேமேஜ்' என்கிற வரிக்கு எதிரே என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

கவர் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். நான் விசாரித்ததில் தெரிந்துகொண்டது. ஒன்று, இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்றைத் தொலைத்திருந்தால் அதை இப்போதே ஒரு இமெயிலிலாவது பதிவு செய்து வையுங்கள். இல்லாவிட்டால் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள் என்று பேச்சு வரும். இரண்டு, போலீஸ் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று கொடுக்கும் சான்றிதழ் வரும்வரை பணம் வராது. அதற்கு மாதக்கணக்காகும், அதனால் முதல் நாளே இரண்டு இடத்திலும் சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸுக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டுமே காரணம் காட்டி, உடனே எஃப்.ஐ.ஆர். போட்டவருக்குப் பணம் மறுக்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை வாதாடி வாங்க உங்களுக்குத் தெம்பு இருக்க வேண்டும்.

கேமரா கதைக்கு வருகிறேன். 'மூன்றாவது கண்' என்று சென்னை போலீஸ் தெருவுக்குத் தெரு கேமரா வைக்கச் சொன்ன காலத்தில் எங்கள் முனையிலும் ஒன்று வந்தது. நான் போய்ப் பார்த்தபோது அதற்கு நேர் முன்னால் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தது. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அவிழ்க்க மாட்டார்கள். என் வண்டி போன இரவில் அந்தக் கேமரா பார்த்ததெல்லாம் பேனரின் முதுகுப்பக்கம்தான். எதிர் மளிகைக் கடையில் இன்னொரு கேமரா. அது ஷட்டரைப் பார்த்திருந்தாலும் ஓரத்தில் கொஞ்சம் தெரு தெரியும். அதில்தான் அந்த மூன்று சாட்சிகளும் கிடைத்தார்கள். கடைக்காரர் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது. அவருடைய பெட்டியில் பதினைந்து நாள் காட்சிதான் நிற்கும், அதன் மேலேயே மறுபடி பதிவாகும். பல கடைகளில் ஏழு நாள்தான். அதனால் எஃப்.ஐ.ஆர். ஆகும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போய்க் கெஞ்சிக் கூத்தாடியாவது ஒரு பென் டிரைவில் வாங்கி வைத்துவிடுங்கள். திரையை போனில் படமெடுப்பது போதாது. நான் அப்படி எடுத்ததில் திருடனைவிட டியூப் லைட்டின் பிரதிபலிப்புதான் தெளிவாக இருந்தது.

காலால் தள்ளிய ஆளை ஸ்டேஷனில் கூட்டாளி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது, இரவெல்லாம் அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவரே வந்தார். அடுத்த தெருதானாம். மளிகைக் கடையில் பேச்சு அடிபட்டதும் கேள்விப்பட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றார். "சார், நான் ஹெல்ப் பண்ணேன் சார், சத்தியமா ஹெல்ப் தான் பண்ணேன்" என்று கை நடுங்கச் சொன்னார். பெட்ரோல் பங்க் வரைக்கும் தள்ளி, திருடன் நீட்டிய இருபது ரூபாயை, "இருக்கட்டும் ப்ரோ" என்று வாங்க மறுத்திருக்கிறார். அந்த இருபது ரூபாயைச் சொல்லும்போது ஏட்டே சிரித்துவிட்டார்.

நண்பர் ஒருவர், "புதுப்பேட்டை பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வா, மனசு ஆறும்" என்றார். பழைய வண்டி உதிரி பாகத்துக்கு சென்னையில் போகிற இடம் அது. பெரும்பாலும் முறையாக வியாபாரம் செய்கிறவர்கள்தான், ஆனால் வண்டி தொலைத்தவனுக்கு அந்தத் தெருவில் நடப்பது வேறு மாதிரி இருக்கும். பெட்ரோல் டேங்குகள் அடுக்கடுக்காக, சைலன்சர்கள் கட்டுக்கட்டாக. ஒவ்வொரு கறுப்பு டேங்கும் என்னுடையது போலவே தெரிந்தது. ஒரு கடைப் பையன், "இன்னா பார்ட்ணா வேணும்? சொல்லு, எடுத்துக் குடுக்கறேன்" என்றான். "முழு வண்டியும் வேணும்பா" என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தான். அப்புறம் ஒரு உபயோகமான கேள்வி கேட்டான்: "சேசிஸ் நம்பர் தெரியுமா?" தெரியாது. எஃப்.ஐ.ஆரில் இருந்த எண்ணை அவன்தான் எனக்குப் படித்துக் காட்டி, அது ஹேண்டில் கழுத்துப் பக்கம் இருக்கும் என்றான். நம்பர் பிளேட்டை ஐம்பது ரூபாயில் மாற்றலாம், அந்த எண்ணைத்தான் சுலபத்தில் மாற்ற முடியாது. சேசிஸ் எண், இன்ஜின் எண், பிறகு உங்களுக்கு மட்டுமே தெரிந்த இரண்டு மூன்று கீறல், இவற்றைப் படமெடுத்து போனில் வைத்திருங்கள்.

மூன்று மாதம் ஓடியது. ஆபீஸ் மயிலாப்பூரில். 29சி-யில் தொங்கிக்கொண்டு போனேன், தாமதமான நாளில் ஆட்டோ. மே மாதக் கடைசியில் ஆபீஸில் ஒரு பையன் சும்மா, "சார், உங்க வண்டி மேல சலான் ஏதாவது விழுந்திருக்கான்னு பார்த்தீங்களா?" என்றான். விழுந்திருந்தால் எனக்கு மெசேஜ் வந்திருக்குமே என்றேன். அவன் அதைக் காதில் வாங்காமல் இ-சலான் தளத்தில் என் வண்டி எண்ணைத் தட்டினான். இரண்டு சலான். இரண்டும் செங்குன்றம் பக்கம், இரண்டும் ஹெல்மெட் போடாததற்கு, தலா ஆயிரம் ரூபாய். எனக்கு ஏன் மெசேஜ் வரவில்லை என்றால், ஆர்.சி.யில் என் நம்பரே இல்லை. வண்டி பதியும்போது ஷோரூம் ஆள் தன் நம்பரைப் போட்டிருக்கிறார். முதல் சலான் ஏப்ரல் முதல் வாரத்தியது. என் நம்பர் இருந்திருந்தால் எட்டு வாரம் முன்பே தெரிந்திருக்கும். உங்கள் ஆர்.சி.யில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். வேறு யாருடையதாவது இருந்தால் சேசிஸ் எண், இன்ஜின் எண்ணெல்லாம் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே மாற்றலாம்.

சலானில் போட்டோ இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். என் வண்டி, என் நம்பர் பிளேட், மாற்றக்கூட இல்லை. பின்னால் இரும்பில் ஒரு சட்டம் வெல்டு வைத்து, இருபுறமும் இரண்டு இருபது லிட்டர் தண்ணீர் கேன். ஓட்டுகிறவன் இருபத்திரண்டு வயதுப் பையன். தலையில் ஒன்றும் இல்லை. ஆனால் இடது முழங்கையில் ஒரு ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கம் ஒரு ஊதா நிறப் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். என் பெரியவள் ஒட்டியது. இறக்கை ஒன்று பாதி கிழிந்திருக்கும், அந்தக் கிழிசல்கூடத் தெரிந்தது. அந்த ஹெல்மெட்டை ஒழுங்காகத் தலையில் மாட்டியிருந்தால் அவன் சிக்கியிருக்கவே மாட்டான்.

இனி நான் செய்த படு முட்டாள்தனம். போட்டோவை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போகாமல், சனிக்கிழமை லீவு போட்டுச் செங்குன்றம் போனேன். அந்தச் சிக்னல் பக்கத்தில் ஒரு டீக்கடையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தேன். ஏழு டீ. பன்னிரண்டரைக்கு என் வண்டி எனக்கு முன்னாலேயே போனது. சத்தத்தை வைத்தே தெரிந்தது. எழுந்து ஓடி, கைக்கு வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி, "அண்ணே, அந்தத் தண்ணி கேன் வண்டி பின்னாடி போங்க" என்றேன். அவர் மூன்று இடத்தில் நிறுத்தி ஆள் ஏற்றிக்கொண்டார். நான் பத்து ரூபாய் கொடுத்து இறங்கியபோது வண்டியும் இல்லை, நான் எங்கே இருக்கிறேன் என்பதும் தெரியவில்லை. திங்கட்கிழமை இதைச் சொன்னதும் எஸ்.ஐ. கோபத்தில் எழுந்தே நின்றுவிட்டார். "அவன் கையில கத்தி வெச்சிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க? உங்களைப் பார்த்துட்டு வண்டிய கெடாசிட்டுப் போயிருந்தா?" என்றார். நியாயம்தான். வண்டியைப் பார்த்தால் இடம், நேரம், போட்டோ, இந்த மூன்றை மட்டும் போலீஸிடம் கொடுங்கள். போகிறதானால் அவர்களோடு போங்கள். அடுத்த ஒன்பதாம் நாள் வண்டி சிக்கிவிட்டது.

தண்ணீர் கேன் பையன் திருடவில்லை. பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்கியிருக்கிறான். "ஒரிஜினல் ஆர்.சி. அண்ணன்கிட்ட இருக்கு, அடுத்த மாசம் வாங்கித் தரேன்" என்று சொல்லி விற்றவன் காட்டியது என்ன தெரியுமா? வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் நான் வைத்திருந்த ஆர்.சி. ஜெராக்ஸ். என் பெயர், என் அப்பா பெயர், முகவரி எல்லாம் அவன் பையில் நான்கு மாதமாக இருந்திருக்கிறது. ஜெராக்ஸைக்கூட வண்டியில் வைக்காதீர்கள், டிஜிலாக்கரில் இருந்தால் போதும். விற்றவனை இன்றுவரை பிடிக்கவில்லை. பையன் மேலும் வழக்கு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்பட இடமிருந்தோ வாங்கினால் அதற்கும் மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஸ்டேஷனில் அவனைப் பார்த்தபோது எனக்குத் திட்ட வரவில்லை. "அண்ணா, பின் டயர் புதுசா மாத்திருக்கேண்ணா" என்று மட்டும் சொன்னான். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு: தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 'வாகன் சமன்வய்' என்று ஒரு தளம் வைத்திருக்கிறது, திருட்டு வண்டியா என்று அதில் தேடிப் பார்க்கலாம். ஒரிஜினல் ஆர்.சி. கைக்கு வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

வண்டி கிடைத்தது என்றால் வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். அது இப்போது வழக்குச் சொத்து, நீதிமன்றம் சொன்னால்தான் தர முடியும் என்றார்கள். ஸ்டேஷன் பின்பக்கம் அப்படி நிற்கிற வண்டிகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஒரு ஸ்கூட்டியின் முன் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே வேப்பங்கன்று என் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 497-இல் இடைக்கால ஒப்படைப்புக்கு மனு போட வேண்டும். வண்டிகளை ஸ்டேஷனில் போட்டுத் துருப்பிடிக்க விடாதீர்கள், பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சீக்கிரம் கொடுங்கள் என்று 2002-இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் அதைத்தான் மனுவில் எழுதினார். ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார், ஒரு ஜாமீன்தாரர். ஜாமீனுக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்து, கடைசியில் மாமனாரையே கூப்பிட வேண்டியதாகிவிட்டது. வந்தார். கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, "கப்பல் சர்வீஸ் முடிஞ்சுதா மாப்ள?" என்றார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோவும் பஸ்ஸுமாக 14,500. சம்பளம் போன ஒன்பது நாளுக்கு 8,100. வக்கீலுக்கும் பத்திரத்துக்கும் 5,500. மெக்கானிக், புது லாக் செட் 3,400. ஜெராக்ஸ், டீ, ஒரு வீல் லாக் எல்லாம் 1,100. சலானில் ஒன்றுக்கு எஃப்.ஐ.ஆர். நகல் வைத்து முறையீடு செய்தேன், எடுத்துவிட்டார்கள். இன்னொன்றுக்காக மறுபடி அலையச் சொன்னபோது ஆயிரத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரு நாள் லீவு போட்டால் என் சம்பளமே கிட்டத்தட்ட அவ்வளவு போகும், மேலே ஆட்டோ வேறு. ஆக 33,600 ரூபாய், ஐந்து மாதம். லாக் போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டிருந்தேன். ஹேண்டில் லாக் ஓங்கி ஓர் உதைக்குத் தாங்காது என்று மெக்கானிக் செய்தே காட்டினார். இப்போது சக்கரத்தில் ஒரு சங்கிலி, அதை ஈ.பி. கம்பத்தோடு சேர்த்து.

ஜூலையில் வண்டி வீட்டுக்கு வந்தது. புது ஹாரன், புது பின் டயர், கேன் மாட்டும் இரும்புச் சட்டம். சட்டத்தை வெட்டி எடுக்கலாம் என்று வெல்டிங் கடைக்குப் போகும் வழியில் எதற்கும் கேட்போமே என்று வக்கீலுக்குப் போன் போட்டேன். "நீதிமன்ற உத்தரவைப் படிச்சீங்களா? வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது, தோற்றத்தை மாற்றக் கூடாது. சட்டத்தோடதான் போட்டோ எடுத்திருக்காங்க" என்றார். அதனால் நான் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் கொக்கி தொங்க மயிலாப்பூர் போய் வருகிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது நிறுத்தி, "தம்பி, கேன் எவ்ளோ?" என்று கேட்கிறார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆயா கூப்பிட்டார். அவருக்குத் தண்ணீர் போடும் ஆள் ஊருக்குப் போய்விட்டானாம். கொக்கிதான் இருக்கிறதே என்று இரண்டு கேன் மாட்டிக்கொண்டு வந்து இறக்கினேன். திரும்பி வண்டியை உதைத்தேன், ஸ்டார்ட் ஆகவில்லை. இன்னொரு உதை. ஆயா தட்டில் இட்லி எடுத்து வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"பெட்ரோல் இருக்கா கண்ணு, இல்ல நீயும் அந்தப் பாட்டுதானா?"